படமும் பெயரும்: நமது இயற்கை ஏட்டுக்காக ஒரு வேண்டுகோள்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் இயற்கை ஏட்டுக் குழுவினர் ஆற்றிய உரை)



கணக்கறிக்கைக்கும் மதிய உணவுக்கும் நடுவில் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நீண்ட பீடிகை போட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே நேரே சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு உங்கள் படங்கள் வேண்டும். உங்கள் முகம் உள்ள படங்கள் அல்ல, அவற்றை மலர்க்குழு ஏற்கனவே கேட்டுவிட்டது. உங்கள் முகத்துக்குப் பின்னால் நின்ற மரம், உங்கள் காலடியில் கிடந்த கொடி, வேலியில் வந்து இருந்த குருவி, இவற்றின் படங்கள்.

இயற்கை ஏடு என்பது என்ன என்று வெளிநாட்டிலிருந்து வந்த பலர் நேற்றுக் கேட்டார்கள். ஆய்வுகூடத்து அலுமாரியில் வரிசையாக வைக்கப்படும் கோப்புகள்தான் அது. கணினியிலும் ஒரு பிரதி உண்டு. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பக்கம். அதில் படம், ஊரில் வழங்கும் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், விஞ்ஞானப் பெயர், எங்கே கண்டது, எப்போது கண்டது, யார் எடுத்தது, பெயரைச் சொன்னது யார் என்பவை இருக்கும். எல்லை, துறைமுகமும் அதைச் சூழ்ந்த ஊர்களும். வடக்கே குச்சவெளி, தெற்கே மூதூர், மேற்கே கன்னியா, தம்பலகாமம், கிழக்கே கண்ணுக்கு எட்டிய கடல். உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகள்தான் பக்கங்களை எழுதுகிறார்கள். நாங்கள் பின்னால் நின்று எழுத்துப்பிழை பார்க்கிறோம்.

இந்த வேலை ஏன் வந்தது என்றால், நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆபிரிக்காவின் சிங்கம் எத்தனை மணி நேரம் தூங்கும் என்று சொல்வார்கள். ஆனால் தங்கள் வீட்டுப் படலையில் கூட்டமாக வந்து கத்திவிட்டுப் போகும் குருவியின் பெயர் புலுனி என்பது வகுப்பில் பலருக்குத் தெரியாது. அதைக் கேட்டவுடன், "ஓ, அம்மம்மா சொல்லுவா" என்றாள் ஒரு பிள்ளை. அந்த அம்மம்மா இப்போது கனடாவில். பெயர்கள் இங்கே இல்லை, உங்களிடம் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் சிதறிக் கிடக்கின்றன. உயிர்கள் இங்கே நிற்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் கொண்டுவர இன்னும் எத்தனை ஆண்டு அவகாசம் நமக்கு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எமக்குத் தாவரவியல் படிப்பித்தவர்களில் எத்தனை பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்?

திருகோணமலையின் உயிர்களைப் பட்டியல் போட்ட முதல் ஆட்கள் நாமல்ல. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்தக் கதை நம்மிற் பலர் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கவில்லை.

எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட் என்று ஒரு வைத்தியர். 1819இல் இலங்கையிலேயே பிறந்தவர், இராணுவ வைத்தியப் பிரிவில் வேலை பார்த்தவர். இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1852இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்பு முத்துச் சிப்பிகளை ஆராய அரசாங்கம் அவரை அமர்த்தியது. அந்த வேலைக்கு அவர் தேர்ந்துகொண்ட இடங்களில் முக்கியமானது நமது துறைமுகம். தம்பலகாமம் களப்பில் விளையும், கண்ணாடிபோல் வெளிச்சம் விடும் தட்டைச் சிப்பியையும் ஆராய்ந்தார். சிப்பி தேடிய கையோடு, ஓடில்லாத கடல் நத்தைகள் மீது அவருக்கு ஆசை பிடித்துவிட்டது. பவளப் பாறைகளில் ஊரும், பட்டுச் சேலைக் கரைபோல நிறங்கொண்ட சிறிய உயிர்கள் அவை. அவற்றில் பலவற்றுக்கு 1858இலும் அதை அடுத்தும் பெயர் சூட்டி விவரம் எழுதினார். 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார்.

இப்போது இதைக் கவனியுங்கள். இந்த உயிர்களைச் சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும், உருவம் சுருங்கிவிடும். அவர் எழுதிய விவரங்களும் சுருக்கமானவை. பின்வந்தவர்களுக்கு அவர் எதைச் சொன்னார் என்று பிடிபடவில்லை. ஆனால் வர்ணப் படங்கள் இருந்தன. அவை இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1906இல் சார்ள்ஸ் எலியட் என்பவர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கெலார்ட் கண்ட உயிர்கள் இன்னின்னவை என்று விளக்கி எழுதினார். எழுத்துப் போதாத இடத்தில் படம் வழக்கைத் தீர்த்தது. கெலார்ட் இட்ட பெயர்களிற் பல இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு 'கிளெனியை' என்று பெயர். அது கிளெனி என்ற பாதிரியாரை நினைத்து இட்டது. திருகோணமலையில் சமயப்பணி செய்துகொண்டே காடுகளில் செடி சேகரித்தவர் அவர். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த திறைமனின் கைநூலைப் புரட்டினால், "திருகோணமலை, கிளெனி" என்ற குறிப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

அந்தக் கைநூலில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தாவரத்தின் இலத்தீன் பெயருக்குக் கீழே சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருக்கின்றன. பறவைகளுக்கு அதே வேலையை லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி செய்தார். அவரும் இங்கே கடமையாற்றியவர். 1878 முதல் 1880 வரை வெளியான அவருடைய பெரிய நூலிலும் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. சரி, ஒரு பாதிரியாருக்கும் ஒரு பீரங்கிப் படை அதிகாரிக்கும் இந்தத் தமிழ்ப் பெயர்களை யார் சொல்லியிருப்பார்கள்? விறகு வெட்டியவர்கள், வலை இழுத்தவர்கள், வீட்டில் சமைத்த பெண்கள், தோட்டம் கொத்தியவர்கள். செடி பிடுங்கிய கிளெனியின் பெயர் அச்சில் ஏறியது. பெயரைச் சொன்னவரின் பெயர் அந்தத் தாவரக் குறிப்புகளில் இல்லை. அதனால்தான் நமது ஏட்டில் "பெயரைச் சொன்னவர்" என்று தனியாக ஒரு கட்டம் கீறியிருக்கிறோம். அதை வெறுமையாக விட மாணவிகளுக்கு அனுமதி இல்லை.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பெயரையே சுமக்கும் மரத்தை விட்டுவிட முடியாது. சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறியது, அங்கே அலைமேல் தாவும் மசூலாப் படகுகளைக் கட்ட உதவியது. இத்தனை பெருமை உள்ள மரத்தின் நல்ல படம் ஒன்றுகூட இன்றுவரை எங்கள் கோப்பில் இல்லை. தளபாடமாக மாறிய பின் எடுத்த படம் மூன்று வந்திருக்கிறது. உங்கள் சாப்பாட்டு மேசை அழகாகத்தான் இருக்கிறது அக்கா, ஆனால் எங்களுக்கு இலையும் பூவும் சிறகுள்ள காயும் வேண்டும்.

பாலையும் வீரையும் வேறு கதை. சிங்களத்தில் அவை பலு, வீர. எந்த மொழி எந்த மொழியிடம் வாங்கியது என்ற விவாதத்தை வகுப்பில் ஆரம்பித்து வைக்க வேண்டாம் என்று மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். இரு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு புரிந்துகொள்கிறார்கள்.

இனி நமது சொந்த வழக்கு ஒன்றுக்கு வருவோம். பழைய விடுதிக்கு முன்னால் நின்று 1964 டிசம்பர்ச் சூறாவளியில் விழுந்த மரம் என்ன மரம்? எங்கள் குழுவின் முதல் கூட்டமே இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்தது. பாலை என்று ஒரு கட்சி, மகிழ் என்று மறு கட்சி. பழம் பொறுக்கித் தின்றதாக இரு கட்சியும் சாட்சி சொன்னது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டின் பழமும் தின்னக்கூடியது, ஆகவே சாட்சியம் செல்லாது. பிறகு அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு மூத்த அக்கா ஐம்பதுகளில் எடுத்த வலைப்பந்து அணியின் படத்தைப் பிரதி எடுத்து அனுப்பினார். வீராங்கனைகள் விறைத்துப்போய் நிற்கிறார்கள். படத்தின் மேல் மூலையில் ஒரு கிளை தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இலையின் நுனி கூர், ஓரம் நெளிவு. பாலை இலை நுனி மழுங்கி, நடுவில் சிறிது பிளந்தாற்போல இருக்கும். மகிழ் என்று தீர்ந்தது. தோற்ற கட்சியும் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறது, வழக்கு மேன்முறையீட்டுக்குப் போகாது என்று நம்புகிறோம். அந்த இடத்தில் சென்ற மாரியில் ஒரு மகிழங்கன்று நட்டிருக்கிறோம். அந்தப் படத்தை எடுத்தவர் மரத்தை எடுக்க நினைக்கவே இல்லை.

இதனால்தான் பழைய அல்பங்களைக் கேட்கிறோம். நம்மிற் பலர் வீட்டை விட்டுப் போகும்போது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எரிந்துபோன அல்பங்கள் உண்டு. 2004இல் கடல் கொண்டுபோனவை உண்டு. இங்கே இருந்தவர்களிடம் படம் மிஞ்சவில்லை. முன்னமே போனவர்களிடமும், கலியாணப் படம் என்று வெளிநாட்டு உறவினருக்குத் தபாலில் அனுப்பி வைத்தவர்களிடமும்தான் மிஞ்சியிருக்கிறது. நிலாவெளிக்குப் போன வகுப்புச் சுற்றுலா, கன்னியா வெந்நீரூற்றில் குளித்த நாள், சீனக்குடாவில் நின்று எடுத்த குடும்பப் படம், மூதூருக்கு லோஞ்சில் போன படம், எதுவானாலும் பின்னணியைப் பாருங்கள். கரையோரம் கண்டல் நிற்கிறதா? மணல்மேட்டில் தாழை இருக்கிறதா? இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் போய் அதே கோணத்தில் நின்று எடுப்பார்கள். இரு படத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டுவோம்.

ஒட்டும் தாள் உள்ள அல்பங்களில் இருந்து படத்தை இழுக்க வேண்டாம், கிழிந்துவிடும். அல்பத்தில் இருக்கும்படியே, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் கைத்தொலைபேசியால் எடுத்தால் போதும். பின்புறம் எழுத்து இருந்து, படம் கழன்று வருமானால் அதையும் எடுத்து அனுப்புங்கள். மூலப்படத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். அதை எங்கள் பொறுப்பில் எடுக்க எங்களுக்கே பயம்.

புதிய படம் எடுப்பவர்களுக்கும் சில வார்த்தை. பூவை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புகிறீர்கள். வாழ்த்து மடலுக்கு அது நல்லது, ஆனால் அடையாளம் காண அது போதாது. முழுச் செடி, இலையின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம், தண்டில் இலை பொருந்தும் விதம், பட்டை, காய் இருந்தால் காய், இவ்வளவும் வேண்டும். அளவு தெரிய ஒரு நாணயத்தையோ ஈர்க்குத் துண்டையோ பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த திகதியும் இடமும் உள்ளே பதிந்திருந்தால் அதையும் அழித்துவிடும். 'டொக்கியுமென்ட்' என்று தெரிவு செய்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். கண்டல் பக்கம் போகிறவர்கள் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம்தான், ஆனாலும் தள்ளி நின்றே கும்பிடலாம். யானையைப் படம் எடுக்கப் போவதாக எவராவது சொன்னால் அவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவர் அல்லர்.

கடற்கரையில் நிற்பவற்றைப் பலர் படம் எடுப்பதே இல்லை, காலடியில் கிடப்பதால் போலும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் ஏட்டில் இன்னும் அரைப்பக்கம்தான். இராவணன் மீசையின் உருண்டைத் தலை முற்றியதும் கழன்று காற்றில் உருண்டு ஓடும். அதைத் துரத்தி ஓடாமல் வளர்ந்த பிள்ளை இந்த ஊரில் இருந்ததுண்டா? கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டும் ஊரில் அவனுடைய மீசைக்கும் ஒரு முழுப்பக்கம் கொடுக்கத்தானே வேண்டும்.

மான்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வந்த படங்களில் பெரும்பங்கு பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள்தான். விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போகும் வழியில் மானுக்குப் பழமோ பிஸ்கட்டோ கொடுத்து, அதை ஒரு படம் எடுத்து அனுப்புகிறீர்கள். போதும். மானுக்குத் தீன் கொடுக்கும் படங்களை இனி ஏட்டில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு மனவருத்தம் என்று கேள்விப்பட்டோம், ஆனால் முடிவு மாறாது. அந்த மான்கள் நகரத்துக் குப்பையில் பொலித்தீன் பையோடு சேர்த்துத் தின்கின்றன, அதனால் சாகின்றன. குப்பைமேட்டில் மேயும் மானின் படத்தை ஒரு மாணவி எடுத்து வந்தாள். அழகான படம் அல்ல. அதுதான் இன்று மான் பக்கத்தின் முதற்படம். ஏடு என்றால் இருப்பதைக் காட்ட வேண்டும்.

இடத்தைச் சொல்வதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலாமை முட்டையிட்ட இடம், பறவைக் கூடு, திருடர் தேடும் ஆமை, மரம், பூஞ்செடி, இவற்றின் சரியான இடத்தை எங்களுக்குச் சொல்லுங்கள், பக்கத்தில் எழுத மாட்டோம். "நிலாவெளிப் பக்கம்" என்பதோடு நிற்கும். புறாத்தீவுக்கு, ஊர் வாயில் புறாமலைக்கு, போகிறவர்கள் பவளப் பாறையில் கால் ஊன்றி நின்று படம் எடுக்க வேண்டாம். 2003 முதல் அது தேசிய பூங்கா. அது இல்லாவிட்டாலும் மிதித்த பவளம் செத்துவிடும். அந்தத் தீவின் புறாக்களையும் நம் முகட்டில் இருக்கும் புறாக்களையும் அருகருகே வைத்து எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். உலகத்து வீட்டுப் புறாக்களுக்கெல்லாம் மூதாதையான இனம் இது, ஆகவே நியாயமான ஆசைதான்.

கடலில் திமிங்கிலம் பார்த்தவர்கள் நிறையப் பேர். 1983, 84ஆம் ஆண்டுகளில் டியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் நம் கரைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களைப் படமெடுத்து, தோலில் உள்ள புள்ளிக் கோலத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். அதே ஆண்டுகளில் கரையில் நமக்கு என்ன நடந்தது என்பதை நினைத்தால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. எப்படியோ, வெறும் வாலாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள்.

வெளிநாட்டிலிருந்து மேப்பிள் இலைப் படங்களும் வருகின்றன. அன்பு புரிகிறது. ஆனால் ஏட்டில் சேர்க்க முடியாது, அது துறைமுக ஏடு. அவற்றைத் தனிக்கோப்பில் வைத்திருக்கிறோம், கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுக்குள் பூச்சாடியில் வளரும் கறிவேப்பிலையை என்ன செய்வது என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை.

படத்தின் உரிமை எடுத்தவருக்கே. பாடசாலைக்குள் பயன்படுத்த மட்டும் அனுமதி கேட்கிறோம். வெளியே அச்சிட வேண்டி வந்தால் உங்களிடம் மீண்டும் கேட்போம். கமரா இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், "எனக்குப் படம் எடுக்க வராது பிள்ளை" என்பவர்கள், பெயரைச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் மாணவிகள் பதிவு செய்துகொள்வார்கள். மூதூரில் ஒரு பெயர், கிண்ணியாவில் ஒரு பெயர், நகரத்தில் ஒரு பெயர் என்றால் மூன்றும் எழுதப்படும். எது சரி என்று சண்டை பிடிக்க மாட்டோம்.

இப்போது திரையில் ஒரு படம் வருகிறது. மலரில் இந்த உரையின் எதிர்ப்பக்கத்திலும் அதைக் காணலாம். சாம்பல்தீவுப் பாலத்தருகே வேலியில் படர்ந்த கொடி. இலை மூன்றாகப் பிளந்தது, கீழ்ப்பக்கம் மெல்லிய சுணை, காய் பச்சை, பழுத்தால் சிவப்பு. பூ எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர் தெரிந்தவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வாசல் மேசையில் நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாதவர்கள் இன்றிரவு அம்மாவுக்கு எடுத்துக் கேளுங்கள்.